கூரைக்கு இரண்டு அங்குலம்

1

இந்தக் கதை ஒரு விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். முன்பக்கத்தில், எங்கள் வீட்டு மேல் அறையின் கூரைக்கு உள்ளிருந்து ஸ்ப்ரே ஃபோம் அடிக்க என்ன ஆகும் என்று நுரைக்காரர் எழுதியிருந்தார். தொகையைப் பார்த்ததும் தாளைத் திருப்பிவிட்டேன். பின்பக்கம் காலியாக இருந்தது. காலித் தாளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

(ஸ்ப்ரே ஃபோம் தெரியாதவர்களுக்கு: இரண்டு திரவங்களைக் குழாய் முனையில் கலந்து கூரையின் உட்புறத்தில் பீய்ச்சுவார்கள். பட்ட இடத்தில் அது நுரையாகப் பொங்கி, இண்டு இடுக்கெல்லாம் அடைத்து, இறுகிவிடும். உள்ளே உள்ள சூடு உள்ளேயே நிற்கும். தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம். ஆனால் இங்கே வந்துவிட்டீர்கள்.)

முதல் தொடக்கம்: “கூரை என்பது மனிதன் வானத்தோடு செய்துகொண்ட ஓர்–” வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: “குளிர் வந்து கதவைத் தட்டிய அந்தக் காலையில்–” இதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் குளிர் என்றைக்குமே கதவைத் தட்டியதில்லை. ஓடுகளுக்கு நடுவே சொந்தக்காரன் மாதிரி உரிமையோடு வரும்.

மூன்றாம் தொடக்கம்: “போன குளிர்காலத்தில் வந்த அக்கா, மூன்றே நாளில் கிளம்பிவிட்டாள்.”

இது இருக்கட்டும்.

2

போன குளிர்காலத்தில் வந்த அக்கா, மூன்றே நாளில் கிளம்பிவிட்டாள். ஒரு மாதம் தங்கிப் பார்ப்பது, பிடித்தால் எங்களோடேயே இருந்துவிடுவது என்று பேச்சு. மேல் அறையை அவளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை பெட்டியோடு இறங்கி வந்தாள்.

“செடிக்குத் தண்ணி ஊத்தணும்டா. மறந்தே போயிட்டேன்.”

பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அக்கா வீட்டில் செடியே கிடையாது. சன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் ரோஜா உண்டு. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

மேலே போய்ப் பார்த்தேன். அலமாரியில் அவள் எதையும் வைத்த அடையாளம் இல்லை. மூன்று நாளும் பெட்டியிலிருந்தே எடுத்து, பெட்டியிலேயே திரும்ப வைத்திருக்கிறாள். நாங்கள் வாங்கி வைத்த ஹீட்டரின் வயர், கடையில் சுற்றிக் கொடுத்த மாதிரியே சுற்றி மூலையில் இருந்தது. முதல் நாள் நான்தான் போட்டுவிட்டு இறங்கினேன். நான் இறங்கியதும் அவள் அணைத்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டுக் கரண்ட்டைத் தன் சூட்டுக்குச் செலவழிப்பது அவளால் ஆகாது. தம்பி வீடும் அவளுக்கு அடுத்தவர் வீடுதான்.

அவள் விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடம் மீன் பதப்படுத்தும் ஆலையில், குளிர் அறையில் நின்று பெட்டி கட்டியவள். கொஞ்சம் குளிர் பட்டாலும் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து மரத்துப்போகும். பொத்தான் போட வராது. அந்த இருபத்தாறில் முதல் எட்டு வருடச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

இந்த வாக்கியத்தை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கேயே இருக்கட்டும். எழுத்தாளன் உணர்ச்சிவசப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது.

3

இந்த வருடம் நிலைமை இது: மாதக் கடைசியில் அக்கா தன் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஆலைக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை பார்த்து, மாதம் முடியும் வரை தனக்காக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். தரைத்தளம், சன்னல் கிடையாது. “எனக்கு என்னடா, ஒரு ஆள்” என்றாள். எங்கள் மேல் அறை மறுபடியும் குளிர்ந்தால் அவள் நேராக அங்கே போய்விடுவாள். போனால் திரும்ப மாட்டாள். கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் நுரையும் கணக்கும்.

எனக்கு வேண்டியது அக்காவால் அணைக்க முடியாத கதகதப்பு. அதனால்தான் நுரைக்காரரைக் கூப்பிட்டேன்.

எங்களிடம் இருந்த தொகையை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கணக்கு எளிது, எங்கள் ஏழ்மையும் வெளியே தெரியாது. தொலைபேசியில் அறையின் அளவைச் சொன்னேன். நுரையில் இரண்டு ரகம் என்றார். மெத்து ரகம் விலை குறைவு, ஆனால் கனமாக அடித்தால்தான் பலன். எங்கள் கூரைச் சட்டங்களின் ஆழமோ நான்கு அங்குலம்தான். கெட்டி ரகம் விலை அதிகம், குறைந்த கனத்திலேயே வேலை செய்யும். கெட்டி ரகத்தில் நான்கு அங்குலத்துக்கு எண்பத்தைந்து. நுரையை வெறுமனே விடக் கூடாது, தீப்பிடிக்காமலிருக்க மேலே ஜிப்சம் பலகை அடிக்க வேண்டும், அதற்குப் பதினைந்து. ஆக நூறு.

கதையில் இப்படிக் கச்சிதமாகக் கணக்கு வந்தால் நான் சந்தேகப்படுவேன். வாழ்க்கையில் வந்தபோது சந்தேகப்படவில்லை.

4

நுரைக்காரர் நேரில் வந்தார். தலை தட்டாமல் மேல் அறைக்குள் குனிந்து போய், ஐந்து நிமிடம் நாடா பிடித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

“சார், நீங்க போன்ல சொன்ன அளவு யார் எடுத்தது?”

“நான்தான்.”

“எப்ப?”

“பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு கதைக்காக.”

உண்மை. இந்த அறையில் ஒருவர் நடந்துகொண்டே யோசிப்பதாக முன்பு ஒரு கதை எழுதினேன். பிழை வரக் கூடாதென்று முறையாக நாடா பிடித்து அளந்தேன். இப்போது படியேறச் சோம்பல்பட்டு, அந்தக் கதையை எடுத்து நான்காம் பத்தியைப் பார்த்து வாசித்துவிட்டேன். என் எழுத்தின் துல்லியத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவர் நாடாவைச் சுருட்டினார். “கதையில வர்றவரு எங்க நடந்தாரு?”

“அறைக்குள்ளதான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.”

“அப்ப தரை அளவு சரிதான். ஆனா நான் தரையில அடிக்கலையே சார். மேல சாய்வு ரெண்டு பக்கம் இருக்கு, முக்கோணச் சுவரு ரெண்டு இருக்கு. அதையெல்லாம் நீங்க எழுதலையா?”

எழுதவில்லை. கூரையில் யாரும் நடக்கவில்லை.

புதிய கணக்கு: நுரை நூற்றுமுப்பது, பலகை இருபத்துமூன்று. கையில் நூறு. வேண்டியது நூற்றைம்பத்துமூன்று. தாளைத் திருப்பினேன் என்றேனே, அது இந்தத் தாள்தான்.

5

என் மனைவி இதுவரை வரவில்லை. இந்த வரைவைப் படித்துவிட்டு அவளே கேட்டாள். “என்னங்க, பாதி கதை முடிஞ்சுபோச்சு, நான் எங்க?”

“இப்பதான் வர்றே.”

“பணம் பத்தலன்னதும் வர்றேனா?”

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பும் கணக்கும் பார்க்கிறாள். பல்லைப் பிடுங்குவதா, அடைப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறவள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

என் யோசனை: கட்டில் இருக்கும் பக்கத்துச் சாய்வுக்கு மட்டும் முழுக் கனத்தில் அடிப்பது. அக்கா பெரும்பாலும் அங்கேதானே இருப்பாள்.

“அண்ணியை என்ன, கட்டிலோட சேர்த்து ஆணி அடிச்சா வெச்சிருக்கு?” என்றாள் மனைவி. “சன்னல் பக்கம் போக மாட்டாங்களா?”

கட்டிலில் உட்கார்ந்திருந்த நுரைக்காரர் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டார். “குளிருக்குப் பக்கம் எல்லாம் தெரியாதுங்க. பாதி மூடினா மீதிப் பாதியில வரும். காத்து வர்ற சந்து அத்தனையும் அடையணும், அதான் முக்கியம். நான் ஒண்ணு சொல்லவா? முழுக் கூரைக்கும் கெட்டி ரகத்துல ரெண்டே அங்குலம் அடிச்சுடலாம். முதல் ரெண்டு அங்குலம்தான் பெரிய வேலை பார்க்கும். அதுக்கு மேல போடற ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் கொஞ்சமா சோம்பேறி ஆயிடும். மீதி ரெண்டு அங்குலத்துக்குக் கடையில பஞ்சுப் பட்டை விக்குது, வாங்கி நீங்களே சட்டத்துக்கு நடுவுல சொருகுங்க. பலகையை நான் வந்து அடிக்கிறேன்.”

“இன்னும் மெலிசா, ஒரு அங்குலம் அடிச்சா?” என்று நூல் விட்டுப் பார்த்தேன்.

“இந்த ஊர் குளிருக்கு ரெண்டுக்குக் கீழ நான் அடிக்க மாட்டேன். உள்ள ஈரம் கோத்து பஞ்சு நனையும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க.”

நுரை அறுபத்தைந்து. பலகை இருபத்துமூன்று. பஞ்சுப் பட்டை ஒன்பது. மொத்தம் தொண்ணூற்றேழு. மனைவி கூட்டினாள், நான் தலையாட்டினேன்.

6

இங்கே ஒரு சிக்கல். தன் வருமானத்தில் பாதியைத் தானே வெட்டிக்கொள்ளும் தொழிலாளியை எந்த வாசகர் நம்புவார்? எனவே இரண்டாம் வரைவில் அவரை அயோக்கியனாக்கினேன். முன்பணம் வாங்கிக்கொண்டு, காலாவதியான ரசாயனத்தோடு–

“இதைக் கிழிச்சுப் போடுங்க” என்றாள் மனைவி. “இன்னும் பலகை அடிக்க அவருதான் வரணும்.”

அவரையே கேட்டுவிட்டேன், ஏன் சொன்னீர்கள் என்று. “பாதிக் கூரை அடிச்சு உங்களுக்குக் குளுருச்சுன்னா, என் பேரைச் சொல்லி நாலு பேர்கிட்ட புலம்புவீங்க. அதுலயும் நீங்க எழுதறவரு வேற.” ஆக, அவர் நல்லவர் இல்லை, புத்திசாலி. இப்போது நம்பலாம்.

7

நுரை அடித்த அன்றைக்கும் மறுநாள் காலை வரைக்கும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. நாங்கள் அக்கா வீட்டுக்குப் போனோம். பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. எந்த விலாசத்துக்கு என்று பெட்டிகளின் மேல் எழுதவில்லை.

அக்கா தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள், குடிக்கவில்லை. எவ்வளவு ஆயிற்று என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

“அது மாசத்துக்கு எவ்வளவு கரண்ட்டு இழுக்கும்?”

“எதுவும் இழுக்காதுக்கா.”

“மெஷின் ஓடுமில்ல?”

“மெஷினை அவரு வண்டியில எடுத்துட்டுப் போயிடுவாரு. அடிச்சது அப்படியே இருக்கும். அவ்வளவுதான்.”

“அப்ப அணைக்கிறதுன்னா?”

“அணைக்க முடியாது.”

மனைவி சன்னலோரம் போய்ப் பிளாஸ்டிக் ரோஜாவின் தூசியைத் துடைத்தாள். “இதையும் எடுத்துட்டு வாங்க அண்ணி. செடி இங்க இருந்தாதானே தண்ணி ஊத்த ஓடி வரணும்.”

அக்கா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பிடிபட்டவர்கள் சிரிக்கும் சிரிப்பு. கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

8

பஞ்சுப் பட்டைகளை நானும் மனைவியும் சொருகினோம். உடம்பெல்லாம் அரித்தது. கூரையில் இப்போது என் கையும் பட்டிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. பலகை அடித்தாயிற்று. கீழ்த்தளத்தில் நாங்கள் வழக்கமாகப் போடும் சூடே படியேறிப் போய் மேல் அறையில் தங்குகிறது. இதற்கென்று வீட்டில் புதிதாக ஓடும் பொருள் ஒன்றுமில்லை, நான் நாலு தடவை ஓடிப் போய்ப் பார்த்ததைத் தவிர.

நூறில் மீதி மூன்று. அதில் மனைவி துணி மாட்டும் ஹேங்கர்கள் வாங்கி, காலி அலமாரியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். பன்னிரண்டு. “பெரிய நம்பிக்கைதான்” என்றேன். “மீதி மூணுல வேற என்ன வாங்கறது?” என்றாள்.

9

முடிவுகள்.

ஒன்று: அக்கா போய்விடுகிறாள். சோகமாக முடிந்தால் விமரிசகர்கள் மதிப்பார்கள். அவர்கள் மதிப்புக்காக என் அக்காவைச் சன்னல் இல்லாத அறைக்கு அனுப்ப மாட்டேன்.

இரண்டு: அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவள் செத்தாலும் அழ மாட்டாள்.

மூன்று: எதையும் ஜோடிக்காமல் நடப்பதை அப்படியே சொல்வது. சொல்கிறேன்.

அக்கா வந்து இன்று மூன்றாம் நாள். வெளியே நன்றாகக் குளிர்கிறது. நான் கீழே உட்கார்ந்து, அதே விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் கடைசி ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மேலே பெட்டியின் ஜிப் சத்தம் கேட்டது. திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கும், வேண்டுமானால் உங்கள் பெட்டியில் இழுத்துப் பாருங்கள்.

மனைவி சமையலறையில் குழாயை நிறுத்திவிட்டு நிற்கிறாள். அவளும் கேட்டுவிட்டாள்.

என் பங்கு வேலை முடிந்தது. முழுக் கூரைக்கும் இரண்டு அங்குலம் நுரை, இரண்டு அங்குலம் பஞ்சு, சந்து ஒன்றுகூட இல்லை, இந்தத் தடவை அளவு சரி. இதற்கு மேல் ஏறிப்போய் எட்டிப் பார்த்தால் அவளுக்குச் சங்கடம். தம்பி பார்க்கிறான் என்றாலே அவள் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்வாள். உங்களை அவளுக்குத் தெரியாது, நீங்கள் போகலாம். பதினான்கு படி, கடைசிப் படியில் தலை குனிந்துகொள்ளுங்கள். கதவைத் தட்டுங்கள். அலமாரியைப் பார்க்க வேண்டாம், ஹேங்கரை எண்ண வேண்டாம். அவள் சட்டையின் பொத்தான்களைப் பாருங்கள். விரல் மரத்துப்போகாமல் தானே போட்டிருந்தாள் என்றால், ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். நன்றாகச் சாத்துங்கள், சூடு வெளியே போகும்.