எந்த நிலையத்தில் ஏறுகிறீர்கள்?

1

இந்தக் கதை எனக்கு போஜெனாவின் வாயிலிருந்து கிடைத்தது. புரோஸ்னா ஆற்றின் கிழக்குக் கரையில் பள்ளிக்கூடச் சமையல்காரி அவள். பாலத்தைக் கடந்து மேற்குக் கரைக்கு வெண்ணெய் வாங்கக் கிளம்பும்போதெல்லாம், "எல்லையத் தாண்டிட்டு வந்துடுறேன்" என்பாள். அந்த எல்லை அழிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. (அவளிடமிருந்து கிடைத்ததாகவே இருக்கட்டும். பிறகு திருத்துகிறேன்.)

2

'அந்தக் காலத்தில் மேற்கே கைசரின் ஆட்சி, கிழக்கே ஜாரின் ஆட்சி, நடுவில் ஆறுதான் எல்லை. கைசர் மேற்குக் கரைவரை தண்டவாளம் போட்டார். ஜாரோ போடவேயில்லை...'

வேண்டாம், பள்ளிப் பாடம். நீங்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது.

இப்படித் தொடங்குகிறேன். போஜெனாவின் மகள் கலினா நகரத்தில் நர்ஸ். மேற்குக் கரையில் ரயிலைப் பிடிக்கத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறாள்.

"இந்தக் கரைக்கு ரயில் வரலேன்னா நான் அங்கேயே ரூம் எடுத்துடுவேம்மா."

"எடுத்துக்கோடி. பீட்ரூட் சூப்பு யாரு வச்சுத் தர்றான்னு பாக்குறேன்."

சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

3

ஊர்க்கூட்டம். கிழக்கே புதுப்பாதை போடுவதா, மேற்கு நிலையத்துக்கு இன்னொரு நடைமேடை கட்டுவதா? இரண்டில் ஒன்றுதான். கிழக்கே போடச் சொல்லி போஜெனா எழுந்து நின்றாள். நகராட்சி அதிகாரி இரெனேயுஷ், ஊரார் நிரப்பிக் கொடுத்த கணக்கெடுப்புப் படிவக்கட்டைத் தட்டினார்.

"கிழக்குக் கரையில ரயில் ஏறுறவங்க ஒருத்தர்கூட இல்லீங்கம்மா. உங்க ஊர்க்காரங்க கைப்பட எழுதினது."

"ஸ்டேஷனே இல்லாத எடத்துல எவன்யா ஏறுவான், உருளைக்கிழங்கு!"

(மேற்குக் கரைக்காரர்களான எங்களை அப்படித்தான் சீண்டுவார்கள்.)

கூட்டம் சிரித்தது. அவர் ஒரு படிவத்தை உருவி அவளிடம் நீட்டினார். 'நீங்கள் எந்த நிலையத்தில் ரயில் ஏறுகிறீர்கள்?' விடை: மேற்குக் கரை. கீழே போஜெனாவின் கையெழுத்து. உண்மையைத்தான் எழுதியிருந்தாள்.

இங்கேதான் எனக்குக் குழம்புகிறது. ஜாரைக் குற்றம் சொல்லலாம், செத்துப்போனார். இரெனேயுஷ் எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். அவளோ கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்படியானால் யார்...

4

முடிவுக்கு வருவோம். அவள் படிவத்தைக் கிழித்தெறிகிறாள். (சினிமாத்தனம்.) இரெனேயுஷ் மனம் மாறுகிறார். (நானே நம்பமாட்டேன்.)

திருத்துகிறேன் என்றேன் அல்லவா? கதை அந்தப் படிவத்திலிருந்துதான் கிடைத்தது. அப்போது நான் நகராட்சியில் எழுத்தர். அந்தக் கேள்வியை எழுதியவன் நான். 'எங்கே ஏற விரும்புகிறீர்கள்' என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து என் வீட்டுக்கு ஐந்து நிமிடத்தில் நிலையம் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

போஜெனா படிவத்தைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தக் கேள்விய எழுதினது யாரு?"

நான் கடைசி வரிசையில் இருந்தேன். அடுத்த வரியில் நான் எழுந்து நிற்க வேண்டும். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். அவள் இன்னும் நிற்கிறாள். வீட்டில் கலினா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த வரியை நீங்களாவது எழுதுங்கள்.