மேலே மிதந்த படகு

என் கணவர் சித்தார்த் வியாசர்பாடிக்காரர், கடல் பழக்கமில்லாதவர். மக்களின் சேமிப்பைக் கைப்பேசி வழியாகப் பங்குச்சந்தையில் முதலீடு செய்துதரும் ஒரு நிறுவனத்தில், செயலியின் திரைகளை வடிவமைத்தார். என் அம்மா மங்கம்மா அதை "படம் போடுற வேல" என்பாள். அதற்குமேல் மரியாதை கிடையாது.

முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் சிலரை, அம்மா உட்பட, செயலியில் சேர்த்திருந்தார்கள். லாப நஷ்டம் காட்டும் கோடுகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேலாளர் சங்கரநாராயணன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அவங்களுக்குப் புரியற மாதிரி பண்ணுங்க சித்தார்த். இல்லேன்னா இந்தத் திட்டமும் இருக்காது, உங்க வேலையும் இருக்காது."

சித்தார்த் கோடுகளை அழித்துவிட்டு ஒரு படகு வரைந்தார். பணம் பெருகினால் படகு மேலே எழும்பும், குறைந்தால் அமிழும். ஆச்சரியப்படுத்த வேண்டுமென்று என்னிடம்கூடக் காட்டவில்லை.

சந்தை நன்றாக ஏறிய வாரம், அம்மா அந்தப் பெண்களோடு வாசலில் வந்து நின்று, கைப்பேசியில் இருந்த படகைக் காட்டினாள்.

"இன்னா மாப்ள, போட்டு காலியா கீது! மீன எவன் துன்னான்?"

"மேல வந்தா நல்லதுதான் அத்த."

"யார்கிட்ட கத வுடுற? பாரம் இருந்தா போட்டு அமுங்கும். ஒண்ணுமில்லாததுதான் இப்டி தக்கையாட்டம் மொதக்கும்."

பேருக்குக் கொஞ்சம் விட்டுவைத்து, எல்லாரும் பணத்தை எடுத்துவிட்டார்கள். மேலாளர் "மாசக் கடைசில பேசலாம்" என்றார். என்ன பேச்சு என்று எங்களுக்குத் தெரியும்.

மாதக் கடைசிக்குள் சந்தை சரிந்தது. படகு விளிம்புவரை அமிழ்ந்தது. ஊரே பதறியபோது குப்பத்தில் கொண்டாட்டம். "இப்பதான்டீ லோடு கீது!" என்று எடுத்ததையெல்லாம் திரும்பப் போட்டார்கள்.

மேலாளர் அசந்துபோனார். "உச்சத்துல எடுத்து பள்ளத்துல போட்டிருக்காங்க! எப்படி சித்தார்த்?"

"படம்தான் சார்."

பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே அம்மாவிடம் ஓடினார்.

"அத்த, படம் தலகீழா இருக்கு. நீங்க நஷ்டத்தப் பாத்து சந்தோஷப்பட்டுட்டீங்க. இந்தத் தடவ தப்பிச்சோம், அடுத்த தடவ பணம் போயிடும்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சத்தம் போடாத மாப்ள. அந்த சாருக்குத் தெரிஞ்சா உன் வேல பூடும். கம்முனு திருப்பிப் போடு. பொம்பளைங்கள நான் பாத்துக்கறேன்."

படகு திரும்பியது, பணம் கூடினால் அமிழ்ந்தது. சந்தை ஏறுவதும் இறங்குவதும் தனக்கு முன்பே தெரியும் என்று அம்மா சொல்லிக்கொண்டாள். மீன் வாங்க வந்தவர்கள்கூடச் சந்தை நிலவரம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாசியில் சித்தார்த் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த மேலாளர் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கினார். "அந்தப் படகு ஒண்ணு போதும்மா. மேதை உங்க மாப்பிள்ளை."

"மேதையா?" அம்மா மூக்கைச் சிந்தினாள். "படத்தத் தலகீழால்ல நைனா போட்டு வெச்சிருந்தாரு! நாங்க பூரா தப்பாப் பாத்துதான் துட்டு வந்துச்சு."

மேலாளர் திகைத்து என்னைப் பார்த்தார். என்னால் அடக்க முடியவில்லை, சாவு வீட்டில் சிரித்துவிட்டேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அவர வேலய வுட்டுத் தூக்க முடியாதுல்ல சார்?"