குலுங்காத வண்டி

காரின் பின்சீட்டில் காளியண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்ணை மூடி, முழங்கால் இரண்டையும் மடக்கி, தலையைக் கதவுப் பக்கம் வைத்து, அசையாமல். மெக்கானிக் அர்த்தனாரி பட்டறைக்கு எதிரே இருந்த வேகத்தடையில் வண்டியை ஏற்றி இறக்கினார்.

"இடுப்புல குத்துதுங்களா?"

"இடுப்புல இல்லீங்க. கழுத்துல வெட்டுது. இன்னொருக்கா ஏத்துங்க."

ரோட்டோரம் நின்றிருந்த மகள் மேனகாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். இந்த மனுசன் என்னடாவென்றால், பொண்டாட்டி எப்படிப் படுப்பாளோ அப்படியே படுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கொல்லிமலையில் மிளகு வியாபாரம் செய்கிறவன் ஜீப் வாங்குவான். காளியண்ணன் மட்டும் சேலத்து மில்காரர் ஒருவரிடம் பழைய காண்டஸா காரை வாங்கிவந்தார். மூக்கே முக்கால் கார். கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பாது. பின்னால் எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டும். மலைமேல் செம்மேட்டில் அதற்குப் படகு என்று பேர் வைத்தார்கள். போதாக்குறைக்கு, மிளகு மூட்டை ஏற்ற வேண்டுமென்று பின்னால் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டிப் போட்டார். அதிலிருந்து படகு கட்டைவண்டியாகிவிட்டது.

மனைவி பாவாயிக்குப் புற்று முதுகெலும்புக்கு ஏறிய பிறகு அந்தக் கட்டைவண்டியில்தான் அவளை மலையிறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் கத்திய கத்தலுக்குக் கல்லும் கரைந்திருக்கும். அடிவாரத்தில் காரவள்ளி வந்ததும் காளியண்ணன் இறங்கிப்போய் ஒரு புளியமரத்தடியில் குந்திக்கொண்டு அழுதார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். எத்தனை பட்டையைக் கழற்றலாம், கழற்றினால் வளைவில் வண்டியின் அடி தட்டுமா, எந்த ஷாக்அப்சார்பர் போட்டால் தூக்கிப் போடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்தும் இதே பேச்சுத்தான். வலி விட்ட நேரங்களில் பாவாயியும் கேட்டுக்கொண்டிருப்பாள். என்னையாட்ட வண்டிக்கும் இடுப்பு போச்சுங்களா என்று சிரிப்பாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெளியில் செத்தவர்களை வீட்டுக்குள் கொண்டுபோவது அவர்கள் ஊரில் வழக்கமில்லை. அவள் தங்கை கண்ணாயி ஆஸ்பத்திரியில் செத்தபோது வாசலில் தார்ப்பாய் கட்டித்தான் கிடத்தினார்கள். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. நனைந்து கிடந்த அந்தக் கால்களைப் பாவாயியால் மறக்கவே முடியவில்லை.

"என்னைய வாசல்ல போட்றாதீங்க கண்ணு," என்று மேனகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட ஊட்டுக்குள்ள கொண்டுபோயிருங்க."

பாவாயியின் அண்ணன் சின்னுசாமி காலையிலேயே ஒரு வேன் பேசிவிட்டார். காளியண்ணன் மசியவில்லை. வேனில் போனால் மறுபடியும் அந்தக் கத்தல்தான், மத்தியானத்துக்குள் கார் தயாராகிவிடும் என்றார். சின்னுசாமி தலைகீழாக நின்று பார்த்தார். கடைசியில், என்னமோ பண்ணித் தொலைங்க மாப்ள என்று சொல்லிவிட்டு, வீட்டை ஒழுங்குபண்ண பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானம் தாண்டியது. அர்த்தனாரி இன்னொரு பட்டையைக் கழற்றினார். காளியண்ணன் இன்னொரு தடவை படுத்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"இதுல அவ தூங்குவா," என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியபோது, பின்சீட்டில் அம்மாவின் தலை மேனகாவின் மடியில் இருந்தது. சேந்தமங்கலம் தாண்டும்வரை மூச்சு கரகரவென்று இழுத்தது. காரவள்ளியில் ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு வந்தபோது மேனகா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டி மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. அடியில் எதுவோ உரசியது, அவ்வளவுதான். அம்மா லேசாக முனகிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு. தூளியாட்ட இருக்குது."

மேனகாவுக்கு அழுகை முட்டியது. பட்டறை வாசலில் அப்பாவை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. 

ஏற ஏறக் குளிர் அடித்தது. அவள் போர்வையை அம்மாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். முனகல் நின்றுபோயிருந்தது.

"பாத்தியா கண்ணு, ஒரு சத்தம் இல்ல," என்றார் அப்பா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். பின்னால் சரியாகிவிட்டதாம். அடுத்த வாரம் முன்பக்க ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டால் அறப்பளீஸ்வரர் கோயில்வரைக்கும் அவளைக் கூட்டிப் போகலாமாம். அர்த்தனாரியிடம் சொல்லி வைத்தாயிற்றாம்.

மேனகா குனிந்து அம்மாவின் மூக்கருகே விரலை வைத்தாள். ஒரு வளைவு போயிற்று. அடுத்த வளைவும் போயிற்று. விரலில் ஒன்றும் படவில்லை.

எந்த வளைவில் உயிர் போயிற்று என்று தெரியவில்லை. ஒரு குலுங்கல் குலுங்கியிருந்தால் தெரிந்திருக்கும். அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள் மேனகா. சொன்னால் இங்கேயே வண்டி நின்றுவிடும். அப்புறம் அம்மாவுக்கு வாசல்தான். காலையிலேயே கிளம்பியிருந்தால் உசுரோடு வீடு வந்திருப்பாளே என்று இந்த மனுசன் ஆயுசுக்கும் தன்னையே தின்பார். காலையிலேயே கிளம்பியிருக்கலாம்தான். அவளுக்கே அப்படித் தோன்றியது.

"தூங்கறாளா?"

"தூங்கறாங்கப்பா. மெதுவாவே போங்க."

அவர் இன்னும் மெதுவாகப் போனார். சோளக்காடு தாண்டி, செம்மேடு தாண்டி, மண்ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார்.

வாசலில் சொந்தபந்தம் கூடியிருந்தது. சின்னுசாமி வந்து கதவைத் திறந்து தங்கையின் காலைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்து மேனகாவைப் பார்த்தார். ஊர்முறையில் இம்மி பிசகாத மனுசன். கண்ணாயியை வாசலில் கிடத்தச் சொன்னவரே அவர்தான்.

"மெதுவாத் தூக்குங்க மாமா," என்றாள் மேனகா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அம்மாவுக்கு வலிக்கும்."

சின்னுசாமி சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பி, "உசுரு கெடக்குது, வழி உடுங்க," என்று அதட்டினார்.

உள்வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற சீவனுக்கு ஒரு வாய் பால் ஊற்றிவிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். சின்னுசாமியே சங்கில் பால் கொண்டுவந்து மேனகாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மறைத்து நின்றுகொண்டார். காளியண்ணன் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மேனகா அம்மாவின் தாடையோரம் இடது கையைக் குழித்து வைத்துக்கொண்டு, உதட்டில் சங்கைச் சாய்த்தாள்.

"எறங்குதா கண்ணு?" என்று கேட்டார் அப்பா.

"எறங்குதுங்கப்பா."

கடைவாயில் வழிந்த பால் அவள் உள்ளங்கையில் சேர்ந்தது. கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.