ஹார்பர் சிக்ஸின் ஆறாவது ஆள்

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. ஜெயசித்ரா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். காலை ஆறரை மணி. அமெரிக்காவிலிருந்து எடிட்டர் அம்மாள் வீடியோவில் கூப்பிடும் நேரம்.

ஆற்றங்கரைக் கிராமமான சோரியாங்குப்பத்தில் இருந்தபடியே மூன்று வருடமாக ஒரு காமிக்ஸ் கம்பெனிக்கு வண்ணம் தீட்டிக்கொடுக்கிறாள் அவள். ‘ஹார்பர் சிக்ஸ்’ என்ற சூப்பர் ஹீரோ குழுவின் கதை. யாரோ போட்ட கோடுகளுக்குள் இவள் நிறம் நிரப்புவாள். போன இதழில் குழுத் தலைவன் செத்துப்போக, ஆறு பேர் ஐந்தாகிவிட்டார்கள். புது ஆளுக்கு யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம் என்று கம்பெனி அறிவித்ததும் இவளும் துணிந்து ஒரு படம் அனுப்பிவிட்டாள்.

திரையில் அந்தப் படம் தெரிந்தது. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, தோளில் தடித்த கயிறு.

“நன்றாக இருக்கிறாள். ஆனால் குழுவில் ஏற்கெனவே ஒரு பலசாலி இருக்கிறானே, இவள் எதற்கு?” என்றார் எடிட்டர்.

மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோனது. வாய்க்கு வந்த அரைகுறை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். போன புயலன்று ஊருக்குள் ஆற்று வெள்ளம் புகுந்தது. தெருவில் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். டிராக்டர் ஓட்டும் பக்கத்துத் தெரு அம்சவள்ளி வண்டியில் கயிற்றைக் கட்டி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக்கூட அதட்டி வரிசையாகப் பிடிக்கவைத்தாள். தெருவில் இருந்த பத்தொன்பது பேரும் பள்ளிக்கூட மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

“மேடம், நம் குழுவில் ஐந்து பேருக்கும் பலம் இருக்கிறது. ஆனால் கடைசிப் பன்னிரண்டு இதழில் மூன்று தடவை சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். இவள் கயிறு எதிரியைக் கட்ட அல்ல. அவர்களைச் சேர்த்துக் கட்ட.”

எடிட்டர் அசையவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று ஜெயசித்ரா டேப்லெட்டை உயர்த்திப் பிடித்தாள். சட்டென்று அவர் திரும்பி யாரையோ கத்திக் கூப்பிட்டார்.

“கதை எழுதுபவரை வரச் சொல்! ஜெயா, இவள் ஒரு இதழோடு போகிறவள் இல்லை. குழுவின் நிரந்தர உறுப்பினர். இவள் வரும் முதல் இதழின் அட்டையை நீயே வரை.”

நீயே வரை! செருப்புகூடப் போடாமல் வரப்பில் ஓடினாள். அம்சவள்ளி சேற்றில் டிராக்டர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி இப்டி ஓடியாற? வூட்ல எதுனா ஆச்சா?”

“அக்கா, உன்ன டீம்ல எடுத்துட்டாங்க!”

“எந்த டீமு? கபடியா?”

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி, “உன்னக் கேக்காம வரைஞ்சிட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுக்கா” என்று டேப்லெட்டை நீட்டினாள்.

அம்சவள்ளி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“இதுல நா பறப்பனாடி?”

“இல்லக்கா.”

“நல்லது. மேல ஏறுனா எனக்குத் தல சுத்தும்.” இன்ஜினை அணைத்துவிட்டு, மட்கார்டில் உட்கார இடம் காட்டினாள். “சரி, மத்த அஞ்சு பேரு யாரு? எம்பேச்ச கேப்பானுங்களா? ஒவ்வொருத்தனா காட்டு.”

ஜெயசித்ரா ஏறி உட்கார்ந்து முதல் ஆளைக் காட்டினாள்.

“இவன் இன்னா இப்டி மொறைக்கறான்?” என்றாள் அம்சவள்ளி. “இவன்ட்டேர்ந்து ஆரம்பிக்கலாம்.”