இடது காலுக்கு வந்த ஓய்வு

அனந்தராமனின் இடது கால் சாதாரணக் கால் அல்ல. கோடம்பாக்கம் மேம்பாலத்து ஏற்றத்தில், முன்னே ஒரு பஸ், பின்னே ஒரு தண்ணீர் லாரி, அதன் பின்னே மொத்தச் சென்னையும் ஹாரன் அடிக்க, ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை மயிரிழைகூடப் பின்வாங்காமல் நிறுத்திவைத்த கால் அது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஜாருக்குள் முதல் கியரிலேயே நுழைந்தவர், மழித்த முகத்தோடு போய்த் தாடியோடு வெளியே வந்தார் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிவைத்தவரும் அவர்தான்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோதுகூட அவர் கலங்கவில்லை. நாற்காலியைத்தானே விட்டோம், ஸ்டியரிங்கையா விட்டோம் என்றிருந்துவிட்டார்.

பிறகு பழைய வண்டிக்கு ஆயுள் முடிந்தது. வாங்க வந்த வியாபாரி இடது பக்கத்து இருக்கையின் கீழே குனிந்து பார்த்து, “இன்னா சார், மேட்டுல ஓட்டை? எலி கட்ச்சிதா?” என்று கேட்டான்.

எலி இல்லை. அவர் மனைவி தர்மாம்பாளின் வலது கால். ஒவ்வொரு பஸ்ஸுக்கும், ஒவ்வொரு மாட்டுக்கும், அனந்தராமன் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னால் அவள் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துவிடுவாள். ரப்பர் மேட் எத்தனை காலம்தான் தாங்கும்?

மகள் ஹம்சினி வாங்கிக் கொடுத்த புது வண்டி பேட்டரி வண்டி. கியர் இருக்க வேண்டிய இடத்தில் டம்ளர் வைக்கிற மாதிரி இரண்டு குழி இருந்தது.

“கிளட்ச் எங்கடி?”

“கிடையாதுப்பா.”

“கியர்?”

“அதுவும் கிடையாது. இந்தக் குமிழைத் திருப்பினாப் போறும், தானே போகும்.”

“அப்ப நான் எதுக்கு?”

ஹம்சினி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அடுக்ககத்து வாசலில் ஓட்டிப் பார்த்தார். வண்டி வேகம் குறைந்ததும் இடது கால் வழக்கம்போலக் கிளட்ச்சைத் தேடிப் பாய்ந்தது. அங்கே இருந்ததோ பிரேக். கிளட்ச்சை மிதிக்கிற பலத்தோடு பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? சுவரில் மோதியதுபோல வண்டி நின்றது. வாட்ச்மேனின் சாப்பாட்டுத் தூக்கு பயத்திலேயே கவிழ்ந்தது.

“அப்பா, எனக்குப் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை பூஜையன்னிக்கு நீ ஒழுங்கா எடுத்தா சரி. இல்லேன்னா ஆக்டிங் டிரைவர் போட்டுடுவேன்” என்றாள் ஹம்சினி.

சொந்த வண்டியில் பின்சீட்டில், முன்னால் தெரியும் அந்நியப் பிடரியைப் பார்த்துக்கொண்டு! அனந்தராமனுக்கு அன்று ரசம் இறங்கவில்லை. மறுநாளிலிருந்து கூடத்தில் நாற்காலி போட்டு, இடது காலைத் துண்டால் நாற்காலிக் காலோடு கட்டிக்கொண்டு, வலது காலால் மட்டும் அடையாறுக்கும் திருவான்மியூருக்கும் போய் வந்தார். பார்த்துச் சிரிக்க தர்மு வீட்டில் இல்லை. தை மாதத்திலிருந்தே அவள் கே.கே. நகரில் ஸ்லோக கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் ஒரு ஸ்லோகமாவது வாய்விட்டுச் சொன்னாளா என்றால் இல்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை, மாட வீதியை ஒட்டிய சந்தில் பிள்ளையார் கோயில் வாசல். மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. குருக்கள் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, “எடுங்கோ மாமா” என்றார். ஹம்சினி வெளியே நின்று போனில் படம் எடுத்தாள். தர்மு அவர் பக்கத்தில்.

குமிழைத் திருப்பினார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. இடது கால் பாய்ந்தது. டக். தர்முவின் தலையிலிருந்த மல்லிகை முன்கண்ணாடிக்குப் போயிற்று. எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன.

மறுபடி. டக்.

பின்னால் காத்திருந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். “இன்னா சார், பழத்துக்குப் பயந்துகினு நிக்கிறே? அது ஒண்ணும் கடிக்காது.”

“மாமா, ராகு காலம் வந்துண்டிருக்கு” என்றார் குருக்கள்.

அனந்தராமன் இடது காலை மடக்கி, சாப்பாட்டுப் பந்தியில் உட்காருவதுபோல இருக்கையின் மேலேயே வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. கால் தானாகவே அவிழ்ந்து இறங்கிப் போய் மிதித்தது. ஓய்வு உத்தரவு வந்த பிறகும் ஆபீசுக்கு வந்து உட்காருகிற ஆசாமி மாதிரி.

ஹம்சினி போனை இறக்கிவிட்டாள். ஆட்டோக்காரரின் கேலியைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

“ஏன்னா, கொஞ்சம் இறங்குங்கோ.”

“ஏன், டிரைவரை வரச் சொல்லியாச்சா?”

“இறங்குங்கோன்னா.”

தர்மு சுற்றிக்கொண்டு வந்தாள். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து டாஷ்போர்டுப் பிள்ளையார் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். புத்தம் புது டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில் அசல் போலீஸ்காரி மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

அனந்தராமன் இடது பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். “அப்ப ஸ்லோக கிளாஸ்?”

“வழியெல்லாம் சொல்லிண்டேதான் ஓட்டினேன். அந்த டிராஃபிக்ல வேற என்ன பண்றது?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“கல்யாணமான புதுசுல கேட்டேனே. கிளட்ச்செல்லாம் உனக்கு வராதுன்னேள். சரின்னு விட்டேன். இதுலதான் கிளட்ச்சே கிடையாதே.”

தர்மு குமிழைத் திருப்பினாள். வண்டி வெண்ணெயில் கத்திபோலப் போயிற்று. நான்கு பழங்களும் ஒரே நேரத்தில் பிதுங்க, சாறு எதிர்த்த பாத்திரக்கடை வரை தெறித்தது. ஹம்சினி வாயைப் பிளந்தபடி போனை மறுபடி தூக்கினாள்.

“அம்மா சோக்கா எட்த்துச்சு. சார், நீ அப்டியே குந்திக்கினு வா” என்று ஆட்டோக்காரர் வழிவிட்டார்.

அடையாறு பாலம் தாண்டி, கொட்டிவாக்கத்தில் இருக்கும் தர்முவின் நாத்தனார் வீட்டை நோக்கிப் போனார்கள். டிரைவருக்கு வேலையில்லை என்று ஆகிவிட்டது. அனந்தராமனின் வலது கை கியரைத் தேடிப் போய், டம்ளர் குழிக்குள் விழுந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டார்.

வேகத்தடை வந்தது.

“செகண்ட் போடு” என்றார்.

“எங்க போடறது?”

ஒரு பஸ் திடுமென்று குறுக்கே ஒடித்தது. தர்மு பதறாமல் பிரேக்கைத் தொட்டாள். அதற்குள் அனந்தராமனின் இடது கால் தன் பக்கத்துத் தரையை ஓங்கி மிதித்திருந்தது.

தர்மு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“மேட் புதுசுன்னா. பார்த்து மிதிங்கோ.”