இரண்டு ஓடைகளுக்கு நடுவில்

சனிக்கிழமை காலை லண்டன் ஹரோவில், தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் நடத்திக்கொண்டிருந்தாள் கோசிகா. கணவன் பிரதாபன் மூன்றாவது தடவையாக அழைத்தபோதுதான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் நண்பன் அனுசனோடு ஐஸ்லாந்துக்கு மலைகளில் நடக்கப் போய் நாலு நாளாகியிருந்தது. முந்தின நாள்கூட, எரிமலை அடிவாரத்துப் புல்வெளியையும் அதில் நெளிந்தோடும் ஓடைகளையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

"கோசி, பயப்பிடாமல் கேளும்."

அவள் வகுப்புக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அனுசன் முன்னால் நடந்து ஓடையைத் தாண்டி மலைவிடுதிக்குப் போய்விட்டானாம். படம் எடுக்க நின்ற பிரதாபன் பிந்திவிட்டான். சற்று முன்வரை கணுக்காலளவு ஓடிய தண்ணீர் இப்போது முழங்காலுக்கு மேல், சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. தாண்டி வந்த ஓடையும் அப்படித்தான். நடுப்புல்வெளியில் அவன் தனியே நின்றான்.

"அங்கை மழையோ?"

"ஒரு துளியும் இல்லை. கூழ்முட்டை மாதிரி மணக்குது. போனில சார்ஜும் நாலு வீதம்தான். உமக்குச் சொல்லிப்போட்டுக் கடப்பம் எண்டுதான் எடுத்தனான்."

சொல்லிப்போட்டு என்றால்? விடைபெறவா எடுத்தான்?

"நில்லுங்கோ. தண்ணியில கால் வைக்காதேங்கோ."

பள்ளி அலுவலகத்துக்கு ஓடி, அங்கிருந்த போனில் ஐஸ்லாந்து மீட்புப் பணியினரின் எண்ணைத் தேடி அடித்தாள். ஒரு காதில் பிரதாபன், மறு காதில் ஆங்கிலம் பேசும் ஒரு பெண். அவன் நிற்கும் இடத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது. மலை உச்சிப் பனிப்பாறைக்கு அடியில் எரிமலைச் சூட்டில் உருகிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வருகிறது. அந்த மணம் நச்சுவாயு, பள்ளத்தில் தேங்கும். ஓடையைத் தொடாமல் உடனே வலப்பக்கத்து மேட்டுக்கு ஏறச் சொல் என்றாள்.

"ஏறுங்கோ. வலப்பக்கத்து மேட்டில ஏறுங்கோ."

"மேலை ஒரே பனிப்புகார், கோசி. ஒண்டும் தெரியேல்லை. கடந்தால் பத்து நிமிசத்தில விடுதி."

"உங்களுக்குக் கடக்க ஏலாது. ஏறுங்கோ எண்டுறன்."

அவன் மூச்சு வாங்குவதும் கற்கள் உருளுவதும் கேட்டன. பிறகு ரயில் வருவதுபோல ஓர் இரைச்சல். போன் அடங்கியது.

வகுப்பு முடிந்து பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிக்கொண்டு போனார்கள். கோசிகா அலுவலகத்தை விட்டு அசையவில்லை. வலப்பக்கம் என்று அந்தப் பெண் எந்தப் பக்கத்தைச் சொன்னாள்? மலையைப் பார்த்து நிற்பவனுடைய வலப்பக்கமா, தண்ணீர் போகும் திசைக்கு வலப்பக்கமா? தான் மாற்றிச் சொல்லிவிட்டாளோ? மறுபடி எண்ணை அடித்தாள். ஹெலிகாப்டர் பனிப்புகார் விலகக் காத்திருக்கிறது என்றார்கள்.

மூன்று மணி போல, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்தான்," என்றான் பிரதாபன். பல் கிடுகிடுத்தது. "ஹெலிகாப்டர் வந்து ஏத்திப்போட்டுது. அனுசனும் பக்கத்திலதான் நிக்கிறான்."

"வலப்பக்கமோ ஏறினீங்கள்?"

"அது செங்குத்துப் பாறை. ஏற ஏலாது. மற்றப் பக்கம் ஏறினன்." குரலைத் தாழ்த்தினான். "கோசி, நீர் நில்லுங்கோ எண்டு சொல்லேக்க நான் ஒரு காலைத் தண்ணிக்குள்ள வைச்சிட்டன்."

கோசிகா அலுவலகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் புல்வெளி இப்ப இல்லை," என்றான் அவன். "வீட்டளவில பனிக்கட்டி கிடக்குது."