வேறொரு போனில் இணைப்பில் உள்ளது

என் பைக்கில் என்ஜின் கிடையாது. அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் லித்தியம் பேட்டரியைக் கட்டிக்கொடுத்தவன் நல்லகண்ணு. விசைத்தறி மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன், சின்ன வயதிலிருந்தே என் சேக்காளி. பேட்டரி என்றால் வரிசையாகக் கோத்த செல்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கிப்போனால் சூடாகும், சூடு மீறினால் தீப்பிடிக்கும். அதைக் காவல் காக்க உள்ளே ஒரு போர்டு உண்டு. அது சொல்வதை புளூடூத் வழியாக போனில் பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும்.

நல்லகண்ணு தன் போனில்தான் பார்ப்பான். டீக்கடையில் நான் வண்டியை நிறுத்தினால் போதும், வடையைக் கடித்தபடியே, "ஒம்பதாவது செல்லு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குலே" என்பான். பெண்டாட்டியைக்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டான்.

தை மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டான். சொல்லாமல் கொள்ளாமல் போனவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அதன்பின் என் போனை ஹாண்டில்பாரில் மாட்டி நானே பார்க்க ஆரம்பித்தேன். திருவேங்கடம் ரோட்டில் அவன் வீட்டைக் கடக்கும்போது மட்டும் எண்கள் மறைந்துவிடும். 'வேறொரு போனில் இணைப்பில் உள்ளது' என்று வரும். தெருமுனை தாண்டினால் எண்கள் திரும்பிவிடும். யாரோ அவன் போனை நோண்டுகிறார்கள் என்று நினைத்து, அவன் மனைவி பிச்சம்மாளிடம் கேட்டேன்.

"அந்த போனு இல்லாம அவுக எங்கன போயிருக்காக? சட்டைப் பையில வச்சுத்தான் அனுப்புனோம்ணே."

சிதையில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டருகே போனால் நான் திரையைப் பார்ப்பதில்லை. பயம்தான், வேறென்ன.

பங்குனியில் என் மகள் யோகலட்சுமிக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. பஸ் போய்விட்டது. பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். நல்லகண்ணு வீட்டு வாசலில் வண்டி நின்றுவிட்டது. திரையில் அதே வாசகம். அதன் கீழே, 'பேட்டரி நிறுத்தப்பட்டது.'

போனிலிருந்தே பேட்டரியை நிறுத்த முடியும். அதற்கு பாஸ்வேர்டு வேண்டும். அதை வைத்தவன் நல்லகண்ணு, என்னிடம் சொன்னதே இல்லை.

"அப்பா, கேட்டைப் பூட்டிருவாங்கப்பா" என்றாள் யோகலட்சுமி.

எனக்குப் பயம் போய்க் கோபம் தலைக்கேறியது. மூடிய கதவைப் பார்த்து, "ஏலே, எம் புள்ளைக்குப் பரீட்சைலே. வெளையாடுததுக்கு இதா நேரம்?" என்று கத்தினேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, போர்டு போனோடு பேசுவதற்கான புளூடூத் வில்லையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். போர்டைத் தொடாமல் தாண்டிப் போகும்படி ஒரு தடித்த ஒயரைக் கொடுத்து, பேட்டரியை நேராக மோட்டாரில் சேர்த்தேன். காவல்காரனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுகிற வேலை. அவசரத்துக்கு இங்கே எல்லோரும் செய்வதுதான்.

வண்டி உயிர் பெற்றது. "ஏறுட்டி" என்றேன். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அப்போது திரையில் எண்கள் வந்தன.

வில்லை என் பையில் கிடந்தது. ஒயர் இல்லை, கரண்ட் இல்லை. ஆனாலும் எல்லா செல்களும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்பதாவது மட்டும் விறுவிறுவென்று இறங்கியது. அதன் பக்கத்தில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. பேட்டரிப் பெட்டியைத் தொட்டேன், சில்லென்றுதான் இருந்தது.

"எறங்குட்டி."

"அப்பா, பரீட்சை…"

"எறங்குன்னு சொல்லுதேன்லா."

ஒரு கையில் போனையும் மறு கையில் அவளையும் பிடித்து எதிர்ச்சுவர் வரை இழுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கையில் சீட்டுக்கு அடியில் வெள்ளைப் புகை கிளம்பியது. சீறிக்கொண்டு தீ வந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடம்தான் முதலில் எரிந்தது.

தெருவே கூடி மண்ணை அள்ளிப் போட்டது. எதிர்வீட்டு ரூபியா டீச்சர் யோகலட்சுமியைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பரீட்சைக்குப் பறந்தார். நான் நல்லகண்ணு வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். அவன் செத்த அன்றுகூட நான் அழவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்த பிச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த போனையே பார்த்தாள். அதில் செல்கள் ஒவ்வொன்றாகப் பூஜ்யமாகின. கடைசியில் ஒரு வட்டம் மட்டும் சுற்றத் தொடங்கியது.

"இப்பமும் அவுக பாத்துக்கிட்டுதான் இருக்காகளாண்ணே?"

வட்டத்தின் கீழே 'பேட்டரியைத் தேடுகிறது' என்று ஒரு வரி இருந்தது.

"தேடுதான்மா" என்றேன்.